கிராப் ஆப்பிளா, செங்கொன்றையா, ஜம்புவா? திருகோணமலை வளவுக்கு ஒரு பூமரம்

மே மாதம் பிறந்தால் போதும், கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து அக்கா படம் அனுப்பத் தொடங்கிவிடுவார். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கிராப் ஆப்பிள் மரம் நிற்கிறது. ஐந்து மாதம் வெறும் தடியாக நின்ற மரம் ஒரு கிழமைக்குள் அடிக்கிளை முதல் நுனி வரை இளஞ்சிவப்பாகிவிடும். கிளையே தெரியாது, பூ மட்டும்தான். இங்கே அதே நாட்களில் கச்சான் காற்று தொடங்கி முற்றத்து மண் பறந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது, வாங்கியும் வைத்தேன், அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அதன் பிறகு உப்புவெளி, பாலையூற்று, தம்பலகாமம் என்று தெரிந்த ஆட்கள் நாலைந்து பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள்: கிராப் ஆப்பிள் கன்று ஒன்று எடுப்பித்து வைக்கலாமா, இல்லாவிட்டால் வேறு என்ன வைப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் கிராப் ஆப்பிள் வைக்க வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் நமக்குப் பிடித்தது என்ன என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சிலருக்கு அந்த இளஞ்சிவப்புப் பூ, சிலருக்குக் குருவி வந்து கொத்துகிற சின்னச் சிவப்புப் பழம், சிலருக்கு வாசலுக்கு அளவான ஒரு சின்ன மரம். இந்த மூன்றுமே நம்முடைய மண்ணில் கிடைக்கும், ஒரே மரத்தில் இல்லாவிட்டாலும். எது உங்களுக்கு என்று தீர்மானிக்கத்தான் இந்தக் கட்டுரை.

எதை வைத்து அளப்பது

கன்று வாங்கப் போவதற்கு முன் ஆறு விஷயத்தைப் பாருங்கள்.

குளிர். இதுதான் கிராப் ஆப்பிளின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது. நமக்கு ஜனவரி இரவில்கூட 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது.

தண்ணீர். வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, கேட்க நிறையத்தான். ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை மரம் தன் வேரை நம்பித்தான் நிற்க வேண்டும், அல்லது உங்கள் வாளியை நம்பி.

காற்று. மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து காய்ந்த கச்சான், மழைக்காலத்தில் கடலிலிருந்து உப்பு ஏறிய காற்று. இரண்டு பக்கமும் அடி.

மண். திருகோணமலை என்று ஒரே மண் கிடையாது. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் மணல், தண்ணீர் நிற்காது, சில கிணறுகளில் உவர். உவர்மலையில் கொஞ்சம் தோண்டினால் அலவாங்கு கல்லில் முட்டும். பாலையூற்றுப் பக்கம் செம்மண். தம்பலகாமம் வயல் நிலம், மாரியில் தண்ணீர் தேங்கும். பக்கத்து ஊரில் நன்றாக வந்த மரம் உங்கள் வளவில் வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

இடம். மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது, மேலே மின்கம்பி போகிறதா, மலசலகூடக் குழி எங்கே.

அப்புறம் மான். இதை வெளியூர் ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் நகரத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். பிரட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடைத்தெருவரை உலாவுகின்றன, கேற் திறந்திருந்தால் உள்ளேயும் வரும், இளங்குருத்து எதுவும் மிஞ்சாது. எந்த மரம் வைத்தாலும் கூட்டுக்கு ஒரு செலவு இருக்கிறது என்று முதலிலேயே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராப் ஆப்பிள்

கிராப் ஆப்பிள் என்பது ஒரு தனி மரத்தின் பெயரல்ல. மாலஸ் என்கிற ஆப்பிள் பேரினத்தில், பழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாத மரங்களை எல்லாம் அப்படிச் சொல்வது வழக்கம். நாம் கடையில் வாங்குகிற ஆப்பிளும் இதுவும் ஒரே சாதி, ரோசாப்பூவும் அதே குடும்பம். பழம் புளிக்கும், துவர்க்கும், பச்சையாகத் தின்ன நன்றாக இராது. ஆனால் பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம், ஜெலி நன்றாக இறுகி வரும். சில வகைகளில் பனிக்காலம் முழுக்கப் பழம் கிளையிலேயே தொங்கும், வேறு இரை கிடைக்காத நாட்களில் பறவைகளுக்கு அதுதான் சாப்பாடு.

அங்கே அது எவ்வளவு பொருந்திய மரம் என்பதைப் புரிந்துகொண்டால்தான் இங்கே ஏன் பொருந்தாது என்பது விளங்கும். 1920களில் ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் என்ற பெண்மணி ரோசிபுளூம் என்கிற கிராப் ஆப்பிள் வரிசையை உருவாக்கினார். செந்நிறச் சதையுள்ள ஓர் ஆசிய வகையின் வழி வந்தவை அவை, பூவும் அதனால்தான் அவ்வளவு சிவப்பு. பல வகைகளுக்குக் கனடாவின் ஏரிகளின் பெயரை வைத்தார், சிம்கோ என்பது அவற்றில் ஒன்று. ஒட்டாவாவின் பனிக்காலத்தில் உறைந்துபோகாமல் எழும்ப வேண்டும் என்பதைக் குறியாக வைத்துத் தெரிந்தெடுத்த மரம். அதைக் கொண்டுவந்து 34 பாகை வெயிலில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

செய்வது இதுதான். குளிர் தொடங்கும்போது ஆப்பிள் மரம் மொட்டுகளைப் பூட்டிக்கொண்டு உறங்கப் போகும். அந்தப் பூட்டை வெயில் திறக்காது, குளிர்தான் திறக்கும். ஏறக்குறைய 0 முதல் 7 பாகை வரையான குளிரில் எத்தனை மணித்தியாலம் கழிந்தது என்று மரம் கணக்கு வைத்திருக்கிறது, கணக்கு நிறைந்த பிறகுதான் வெப்பம் வரும்போது மொட்டு விரியும். பனிக்கால நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் எல்லாம் கருகிப் போகாமல் இருக்க மரம் கண்ட வழி இது. சாதாரண ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணித்தியாலம் வேண்டும். 1,000 மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய 42 நாள், இரவு பகலாக, பிரிட்ஜுக்குள் நிற்பது போல. நமக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

கணக்கு நிறையாத மரம் உடனே சாகாது, அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. நான் 2018 நவம்பரில் ஒரு விற்பனையாளரிடம் கன்று எடுத்தேன், "எந்தக் காலநிலைக்கும் வரும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். முதல் மாரியில் பத்துப் பன்னிரண்டு இலை விட்டது, வீடு முழுக்கச் சந்தோஷம். அடுத்த ஜூனில் கச்சான் பிடித்ததும் இலை ஓரம் எல்லாம் பழுப்பாகிச் சுருண்டது. கிடுகு கட்டி மறைத்தேன், காலமையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வருடத்தில் இடுப்பளவு உயரம், கிளை நீளமாக மொட்டையாக ஓடி நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் இலை. பக்கமொட்டு ஒன்றும் திறக்கவில்லை, பூ என்ற பேச்சே இல்லை. நாலாவது கோடையில் காய்ந்துவிட்டது. அந்த மூன்று வருடத் தண்ணீரையும் பார்வையையும் வேறு எந்தக் கன்றுக்குக் கொடுத்திருந்தாலும் இன்றைக்கு நிழலில் கதிரை போட்டு இருக்கலாம்.

ஆட்கள் கேட்கிற வேறு வழிகளையும் பார்த்துவிடுவோம். வேரடியில் ஐஸ் கட்டி போட்டால்? வேலை செய்யாது, குளிரை உணர வேண்டியது வேர் அல்ல, கிளையில் இருக்கிற ஒவ்வொரு மொட்டும். நுவரெலியாவில்? 1,868 மீற்றர் உயரம், ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகளில் உறைபனியே விழும், ஆனால் விடிந்தால் வெயில் ஏறிவிடும், தொடர்ந்த குளிர் இல்லை. குறைந்த குளிர் போதுமான ஆப்பிள் வகைகள் உண்டு, இஸ்ரேலில் உருவான ஆனா, பஹாமாஸிலிருந்து வந்த டோர்செட் கோல்டன் இரண்டும் பேர் பெற்றவை. அவற்றுக்கும் 100 முதல் 300 மணித்தியாலம் வரை கேட்பார்கள். மலைநாட்டில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், நமக்கு அதுவும் தூரம். இந்தோனேசியாவின் மாலாங் பக்கத்து மலைகளில் அறுவடை முடிந்ததும் இலையை எல்லாம் கையால் உருவி, மரத்தை உறங்கவிடாமல் அடுத்த பூவுக்குத் தள்ளுகிறார்கள். அழகான வித்தை, ஆனால் அது குளுமையான மலை, வெப்பம் நம்மளவு இல்லை.

விதையைப் போட்டால்? ஈரத் துணியில் சுற்றி இரண்டு மூன்று மாதம் பிரிட்ஜில் வைத்தால் முளைக்கும். முளைத்தது தாய் மரம் மாதிரி வராது, ஆப்பிள் விதை அப்படித்தான், நல்ல வகைகளை எல்லாம் ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தொட்டியில் முளைக்க வைப்பது நல்ல விஷயம், மரத்துக்கென்று நம்ப வேண்டாம்.

மறைந்த செலவு இங்கேதான் ஆகக் கூட. வெளிநாட்டிலிருந்து கன்றோ கிளையோ கொண்டுவருவதற்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். "பாக்கில் சுருட்டி வைத்துக் கொண்டுவருகிறேன்" என்று சொல்கிற உறவுகளைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆப்பிள் சாதியில் தீக்கருகல் என்கிற பக்டீரியா நோய் இருக்கிறது, மண்ணோடு என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது, ஒரு பூவுக்காக மலைநாட்டுத் தோட்டக்காரர்களின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

கிராப் ஆப்பிள் சரியான தெரிவாகிற இடமும் உண்டு: மரம் நிற்கப்போவது உங்கள் வளவில் அல்ல, ரொறன்ரோவில் இருக்கிற மகளின் வளவில் என்றால். அப்போது தயங்காமல் வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேர் வெயில், தண்ணீர் தேங்காத, சற்றே அமிலப் பக்கமான மண். பெரும்பாலான வகைகள் 15 முதல் 25 அடிக்குள் நிற்கும், சார்ஜென்ட் என்கிற வகை அதைவிடக் குட்டை. பழைய ரோசிபுளூம் வகைகளுக்கு இலைப்புள்ளி நோய் வந்து ஓகஸ்டிலேயே இலை கொட்டிவிடும், ஆகவே பிரேரிஃபயர், சுகர் டைம் போன்ற நோய் தாங்குகிற வகையைக் கேட்டு வாங்கட்டும். பனிக்காலம் முடிகிற தறுவாயில் கத்தரிக்க வேண்டும், அடியில் முளைக்கிற கன்றுகளை அப்போதைக்கப்போது எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் மரம் இருந்தால் அதன் மகரந்தச் சேர்க்கைக்கும் இது உதவும்.

செங்கொன்றை

என்னைக் கேட்டால் அந்தப் படத்துக்கு நம் ஊரில் இருக்கிற பதில் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். செங்கொன்றை எங்கிருந்தோ வந்த மரமல்ல. இலங்கையின் உலர் வலயக் காட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியது, நம்முடைய வெயிலும் எட்டு மாத வரட்சியும் அதற்குப் பிறந்த வீடு. சிங்களத்தில் ரத்து வா என்பார்கள். நம் ஆட்கள் சிலர் வாகை என்றும் சொல்வார்கள், ஆனால் வாகை என்ற பெயரில் வேறொரு பெரிய மரம் இருப்பதால் நாற்றுமேடையில் வெறும் பெயரைச் சொல்லிக் கேட்டால் மாறிப்போகும். முதிர்ந்த மரத்தையோ காயையோ காட்டச் சொல்லுங்கள்: செங்கொன்றைக் காய் சரக்கொன்றையைப் போல உருண்டு நீண்ட குழாய்க் காய், வாகைக் காய் தட்டையாகக் காற்றில் கலகலக்கும்.

அழகு அதன் கிளையில் இருக்கிறது. கிளைகள் நீளமாகப் போய் நுனியில் தாழ்ந்து தொங்கும், அந்தக் கிளை நெடுக, இலைக் கக்கத்தில் கொத்துக் கொத்தாக ரோசா நிறத்தில் பூ வரும். விரிந்து நாளாக ஆக நிறம் மாறிச் செம்மஞ்சள் பக்கம் சாயும், ஆகவே ஒரே கிளையில் மூன்று நிறம் பார்க்கலாம். கிராப் ஆப்பிள் போல இலை மறைந்து பூ மட்டும் தெரியாது, பச்சைக்கு நடுவில்தான் பூக்கும். அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை, நம்முடைய வெயிலில் இலையும் வேண்டும்.

பக்கத்து உறவு ஒன்றும் இருக்கிறது. ஜாவாக் கொன்றை என்று ஒன்று, இளஞ்சிவப்பாக விரிந்து வெளிறி வெள்ளையாகிற பூ. அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரே "ஆப்பிள் பூ மரம்" என்பதுதான். பார்த்தவர்களுக்கு அந்தப் பூ ஆப்பிளை நினைவூட்டியிருக்கிறது, அக்காவின் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நாற்றுமேடையில் இரண்டும் கலந்து கிடக்கும், எது கிடைத்தாலும் நட்டமில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது நம் நாட்டுச் செங்கொன்றையைத்தான். ஏற்கெனவே இந்த மண்ணோடு பழகியது என்பதோடு, காடுகளில் மரம் குறைந்துகொண்டு வரும்போது வளவில் ஒன்று நிற்பதே ஒரு சேமிப்பு.

மண் செம்மண்ணாக இருந்தால் மிக நன்று, கல் நிலத்திலும் குழியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக் கொடுத்தால் வந்துவிடும். தண்ணீர் தேங்குகிற வயல் நிலத்தில் வேண்டாம். கடலுக்கு நேர் முகமாக நிற்கிற வளவிலும் வேண்டாம், உப்புக் காற்றில் இளங்கன்று கருகும். இரண்டு மூன்று வீடு உள்ளே தள்ளி, காற்றை மறிக்க ஏதாவது இருந்தால் சரி.

மறைந்த செலவு என்றால் முதலாவது காலம். விதையிலிருந்து வைத்தால் பூவுக்கு நாலைந்து வருடமாவது பொறுக்க வேண்டும், எனக்குத் தெரிந்த பாலையூற்று வளவு ஒன்றில் ஐந்தாம் வருடம்தான் முதல் கொத்து. இரண்டாவது காய், நீளக் காய்கள் விழுந்துகொண்டே இருக்கும், கூட்ட வேண்டும். மூன்றாவது புழு. கொன்றைச் சாதி இலையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், பச்சைப் புழுக்கள் சில நாளில் குருத்தை எல்லாம் தின்று மரத்தை மொட்டையாக்கிவிடும். பயந்து மருந்து அடிக்க ஓட வேண்டாம். மரம் மறுபடி தளிர்க்கும், இரண்டு கிழமையில் வளவு முழுக்க மஞ்சள் சிறகு பறக்கும்.

விதை முளைக்காது என்று சொல்கிறவர்கள் அதன் தோலைக் கவனிக்காதவர்கள். ஓடு மாதிரி கடினம். உப்புத்தாளில் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு ஓர் இரவு தண்ணீரில் போடுங்கள், காலையில் பருத்திருந்தால் நடலாம், பருக்காததை மறுபடி தேய்க்க வேண்டும்.

இளஞ்சிவப்பு என்பதில் பிடிவாதம் இல்லாதவர்களுக்குச் சரக்கொன்றை இன்னும் சுலபம். கோடை நடுவில் இலை உதிர்ந்து மஞ்சள் சரமாகத் தொங்கும், பூசைக்கும் எடுக்கலாம்.

ரொபரோசியா

இலை உதிர்த்து, வெறும் கிளையில், இளஞ்சிவப்பாக மட்டும் பூக்க வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இது. வீதியோரங்களில் பார்த்திருப்பீர்கள், வரட்சி தொடங்கியபின் திடீரென்று ஒரு நாள் முழு மரமும் பூவாகும், அடியில் இன்னொரு விரிப்பு. மத்திய அமெரிக்க மரம், எல் சல்வடோரின் தேசிய மரமும் இதுதான். வேகமாக வளரும், வரட்சி தாங்கும்.

சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரிய சிக்கல்: அளவு. 50 அடிக்கு மேல் சாதாரணமாகப் போகும். சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி வைக்க இடமிருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் கிளை வெட்ட ஆள் பிடிக்கிற செலவும், சீமெந்துத் தரை கிளம்புகிற செலவும் வரும். பாடசாலை, கோயில் வெளி வீதி, பெரிய காணி இவற்றுக்குத்தான் இது. பத்துப் பேர்ச் காணிக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

ஜம்பு

ஆப்பிள் என்ற சொல்லில் மயங்கியவர்கள் பலர் கடைசியில் சேருகிற இடம் ஜம்பு. சிவந்து, பளபளத்து, மணி போலத் தொங்குகிற பழம், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வேறென்ன. பூ வெள்ளைக் குஞ்சம், அருகில் போய்ப் பார்த்தால் அழகு, தூரத்திலிருந்து தெரியாது. பதியம் போட்ட கன்று வாங்கினால் விதைக் கன்றைவிட வேகமாகக் காய்க்கும்.

ஜம்புவுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் ஒளிவுமறைவு கிடையாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வாய்க்கால் ஈரமும் நல்ல கிணறும் உள்ளவர்களுக்கு இது முதல் தெரிவு. நிலாவெளி மணலில் கோடை முழுக்க மோட்டர் போட வேண்டும், உவர்க் கிணறு என்றால் இலை ஓரம் கருகி அதுவே சொல்லிவிடும். கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாக வைத்தால் பாதிச் செலவு மிச்சம், அந்தக் காலத்து ஆட்கள் அங்கேதானே வைத்தார்கள். மிச்சச் செலவு பழ ஈ. வெளியே சிவப்பாக இருக்கும், பிளந்தால் புழு. கொத்துக்குப் பை கட்ட வேண்டும், விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிப் புதைக்க வேண்டும். வௌவாலும் அணிலும் தங்கள் பங்கை எடுக்கும், எடுக்கட்டும்.

ஜாம் மரம்

கிராப் ஆப்பிளின் சின்னப் பழமும் அதில் வந்து இருக்கிற குருவியும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், கன்று தேடி எங்கேயும் போக வேண்டாம், வேலியோரத்தில் வௌவால் போட்டது ஏற்கெனவே முளைத்திருக்கும். ஐந்து இதழில் வெள்ளைப் பூ, கிட்டத்தில் பார்த்தால் ஆப்பிள் பூவின் சாயல்தான். சிவந்த பழம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, சின்னக் கிராப் ஆப்பிள் அளவேதான், தின்றால் பஞ்சு மிட்டாய் மாதிரி இனிக்கும். இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கி வருடம் முழுக்கக் காய்க்கும். குயில், கொண்டைக் குருவி, அணில் என்று பகலில் ஒரு சந்தை, இரவில் வௌவால்.

ஆனால் மெது மரம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் ஒழுங்கையில் முதலில் முறிந்தது இதுதான். கூரைக்கும் வாகனம் நிறுத்துகிற இடத்துக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது, வெள்ளைச் சுவர் பக்கத்தில் வைத்தால் வௌவாலின் கறை போகாது. வருடத்துக்கு ஒருமுறை தலையை வெட்டிக் குடையாக வைத்திருந்தால் காற்றில் தப்பும். அவசர நிழலுக்கு இதைப் போல ஒன்றில்லை, நிரந்தர மரமாக நினைக்க வேண்டாம்.

கடற்கரை வளவுக்கு

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் காணி உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் முன்வரிசையில் வைக்காதீர்கள். பூவரசு வையுங்கள். உப்பும் மணலும் அதற்கு ஒரு பொருட்டல்ல, கதியால் நட்டாலே வேர் விடும். காலையில் மஞ்சளாக விரிகிற பூ பின்னேரம் சிவந்து வாடி விழும், இளஞ்சிவப்பு ஆசையும் கொஞ்சம் தீரும். பூவரசு ஆளுயரத்துக்கு மேல் வந்து காற்றை மறித்த பிறகு, அதன் உட்பக்கம் ஒரு செங்கொன்றையை முயன்று பார்க்கலாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| மரம் | திருகோணமலையில் பூ | தண்ணீர் | நேர் கடற்காற்று | இடம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| கிராப் ஆப்பிள் | வராது | நாளாந்தம் | தாங்காது | கேள்வியே இல்லை | அனுமதி, மறைப்பு, வருடங்கள் |
| செங்கொன்றை | ரோசா, இலையோடு | முதல் இரண்டு கோடைக்கு | வேண்டாம் | நடுத்தரம், 15 அடி தள்ளி | பொறுமை, காய் கூட்டுவது |
| ரொபரோசியா | இளஞ்சிவப்பு, வெறும் கிளையில் | முதல் இரண்டு கோடைக்கு | வேண்டாம் | பெரிது, 25 அடி தள்ளி | கிளை வெட்டு, தரை வெடிப்பு |
| ஜம்பு | வெள்ளை, பழத்துக்கே பேர் | ஒவ்வொரு கோடையும் | தாங்காது | நடுத்தரம் | மின்சார பில், பழ ஈ |
| ஜாம் மரம் | சின்ன வெள்ளை, வருடம் முழுக்க | குறைவு | வேண்டாம் | நடுத்தரம், கூரைக்குத் தள்ளி | முறிவு, வௌவால் கறை |
| பூவரசு | மஞ்சள், பின்னேரம் சிவக்கும் | மிகக் குறைவு | தாங்கும் | நடுத்தரம் | அடிக்கடி கத்தரிப்பு |

பத்துப் பேர்ச் காணி, நகரத்துக்குள், கிணறு சுமார், வாசலில் ஒரு பூமரம் வேண்டும் என்றால் செங்கொன்றை. வாடகை வீடு, இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போகப் போகிறீர்கள் என்றால் ஜாம் மரம், அடுத்து வருகிறவர்களும் குருவியும் அனுபவிக்கட்டும். தண்ணீர் தாராளம், பேரப்பிள்ளைகள் உண்டு என்றால் ஜம்பு. எனக்கு அந்தக் கிராப் ஆப்பிள் காய்ந்த இடத்திலேயே இப்போது செங்கொன்றை நிற்கிறது, 2022 மாரியில் வைத்தது, தலைக்கு மேலே வந்துவிட்டது. போன வருடம் முதல் கொத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், "இது எந்த நாட்டு மரமடா" என்று கேட்டார். நம்முடைய காட்டு மரம் என்றேன், அவரால் நம்ப முடியவில்லை.

எது வைத்தாலும், வைக்கிற விதம்

ஒக்டோபர் கடைசியில், முதல் இரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு வையுங்கள். மாரி முழுக்க மழையே தண்ணீர் ஊற்றும், கச்சான் வருவதற்குள் ஆறு மாத வேர் ஓடியிருக்கும். சித்திரையில் ஆசைப்பட்டு வைத்தால் ஆறு மாதமும் உங்கள் கைத் தண்ணீர்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மணல் நிலம் என்றால் அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலாக ஒரு வரிசை அடுக்குங்கள், அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே பழைய சாணமும் கொம்போஸ்ட்டும் கலந்த மண். தம்பலகாமம் மாதிரி நிலத்தில் குழியை நம்பாமல் ஓரடி மேடு கட்டி அதன் மேல் வைப்பது நல்லது. முதல் கோடைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு வாளி, ஒரேயடியாக ஊற்றாமல் மெதுவாக, அடியில் சருகு பரப்பி. மேற்குப் பக்கமாக ஒரு கிடுகு சாய்த்துக் கட்டினால் கச்சானின் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

கம்பி வலையில் கூடு கட்டும்போது மூன்றடியில் நிறுத்திவிடாதீர்கள், புள்ளிமான் பின்னங்காலில் எழும்பி நின்று மேலே எட்டும். ஆறடி உயரத்துக்குக் கட்டுங்கள், நடுத்தண்டின் நுனி அதையும் தாண்டி இரண்டடி போகும்வரை கூட்டைக் கழற்ற வேண்டாம்.